காலிச்சட்டி மீது ஒரு வழக்கு

அன்றைக்கு எசில்ஃபி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஏழே பேர். தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் எசுவாம் ஊரில் இன்றைக்கு நிறையப் பேர் ஆகிவிட்டார்கள் என்பதால், பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடும்பத் தலைவர் கோபினா எசில்ஃபி, நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்காலியின் சாய்மானத்தில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய தங்கை அராபா, குடும்பத்துப் பெண்களில் மூத்தவள், வாசற்பக்கம் இருந்தாள். அராபாவின் மகன் எபோ, லாரி ஓட்டுகிறவன், உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டிருந்தான். மருத்துவமனைத் தலைமை நர்ஸ் திருமதி க்வான்சா வந்திருந்தாள். ஊர்த் தலைவர் நானாவின் வாயாக எங்கும் பேசுகிற ஒட்டூ, தங்கப் பூண் போட்ட கோலை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வைத்திருந்தார். சவப்பெட்டி செய்யும் தச்சர் ஃபீஃபி பைடூ, வழுக்கைத் தலையைத் தடவியபடி மூலையில் இருந்தார். ஏழாவது ஆள், கூட்டமே யாரைப் பற்றியதோ அவர்: கோபினாவின் தம்பி க்வமேனா. கடற்கரை முழுக்க அவரைக் காலிச்சட்டி என்றுதான் தெரியும். அவர் நல்ல நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பெரியவரே," என்று ஒட்டூ தொடங்கினார், "நானா சொல்லி அனுப்பினது இதுதான். பிரசவ வார்டு கட்டி முடிஞ்சாச்சு. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் தெறக்கிறோம். வாசல்ல பலகை வெக்கணும். பலகையில காலிச்சட்டி மொகம் வரணும்னு ஊரு ஆசைப்படுது."

"எந்த முகம்?" என்று கேட்டார் கோபினா.

ஒட்டூ கோலைப் பார்த்தார். திருமதி க்வான்சா கூரையைப் பார்த்தாள். எபோதான் சொன்னான்: "அந்த மொகந்தான் மாமா. வாயைச் சுத்தி வெள்ளை அடிச்ச மொகம். கையில சட்டியோட."

எசில்ஃபி வீட்டு ஆள் ஒருவரின் உருவத்தை ஊர்ச் சுவரில் ஏற்ற வேண்டுமென்றால் குடும்பத் தலைவரின் வாய்ச்சொல் வேண்டும். அவர் வேண்டாமென்றால் நானாவே வந்து கேட்டாலும் வேண்டாம்தான். இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கூட்டமே.

எசில்ஃபி வீடு கொடி பிடித்த வீடு. ஊரின் படை புறப்பட்ட காலத்தில் முன்னால் கொடியோடு ஓடியவர்கள் அந்த வீட்டு ஆண்கள். பின்னால் மெதடிஸ்ட் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அப்படிப்பட்ட வீட்டின் பையன் ஒருநாள் பள்ளிக்கூடத்து வேலையை விட்டுவிட்டு, கிதார்க்காரர்களோடு லாரியில் ஏறி, ஊர் ஊராகக் கான்சர்ட் என்கிற பாட்டும் சிரிப்புமான நாடகம் ஆடப் போனான். அந்த வருஷம் ஒரு சாவு வீட்டில், பனங்கள் வட்டம் சுற்றிவரும்போது, எதிர்வீட்டுத் தலைவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கொடி பிடிச்ச வீட்டுல இப்ப கோமாளி பொறந்திருக்கான்." கோபினா அப்போது இளம் குமாஸ்தா. கையில் இருந்த கள்ளை மண்ணில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தார். அன்றிலிருந்து தம்பியின் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. தம்பியோடு பேச்சு உண்டு, ஒரே தட்டில் சாப்பாடு உண்டு, கோயிலில் ஒரே பெஞ்சு. ஆட்டம் மட்டும் இல்லை. மருத்துவமனை மதிலில் சுவரொட்டி ஒட்டியிருந்தால் அவர் எதிர்ப்பக்கமாக நடந்து போவார்.

"பலகையில் எசில்ஃபி என்று போடலாம்," என்றார் இப்போது. "கேந்தேத் துணி உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்த படம் போடலாம். அப்படி ஒரு படம் இருக்கிறது."

"எந்தப் படம் அண்ணே?" என்றாள் அராபா. "அவன் கல்யாணத்துல எடுத்ததா? அதுலயும் நாக்கை நீட்டிக்கிட்டுத்தானே இருக்கான்."

ஃபீஃபி பைடூ மூலையில் இருமினார். அது இருமல் இல்லை என்று கோபினாவுக்குத் தெரியும். தம்பியின் குழுவில் இந்த ஃபீஃபிதான் பெண்வேஷம் கட்டியவர் என்று ஊர் சொல்லும். பாதி ஊருக்குச் சவப்பெட்டி செய்து கொடுத்த, வாயில் எப்போதும் ஆணி கவ்விய இந்த மனிதரைப் பாவாடையில் நினைத்துப் பார்க்க அவரால் முடிந்ததில்லை.

திருமதி க்வான்சா மெதுவாக ஆரம்பித்தாள். "ஐயா, எசில்ஃபின்னு போட்டா, கிராமத்துலேர்ந்து வலியோட வர்ற பொண்ணு யாரோ வக்கீல் வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போயிடுவா. காலிச்சட்டி படம் இருந்தா உள்ள வருவா. நான் சின்ன நர்ஸா இருந்தப்போ பெரியம்மை ஊசி போட வந்தாங்க, ஞாபகம் இருக்கா? ஊசியைப் பாத்ததும் மீன்பிடிக்கிறவங்க தெரு மொத்தமும் படகை எடுத்துக்கிட்டுக் கடலுக்குள்ள போயிடுச்சு. உங்க தம்பி என்ன பண்ணாரு? மேடையிலயே என்னைக் கூப்பிட்டு, இங்க போடுன்னு கையைக் காட்டினாரு. போட்டேன். அப்புறம் அவரு கத்தின கத்து இருக்கே! சுத்திச் சுத்தி ஓடுறாரு, கொட்டுக்காரர் மடியில ஏறி உக்காந்துக்கிறாரு, 'அம்மா, நான் செத்துட்டேன், சட்டியை யாருக்கும் குடுத்துடாதே'ங்கிறாரு. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்குது. சிரிச்சு முடிச்சதும் இவரு எழுந்திருச்சுச் சொன்னாரு: 'இவ்வளவுதான். நான் இவ்வளவு கத்தியும் சாகல. நீங்க கொஞ்சமாக் கத்துங்க, போதும்.' மறுநாள் எனக்கு ஊசி பத்தல ஐயா."

"அது நல்ல காரியம்தான்," என்றார் கோபினா. "அதைச் சட்டை போட்டுக்கொண்டும் செய்திருக்கலாம்."

தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சட்டை போட்டா ஊசி எப்படிண்ணே போடுறது?"

எபோ சுவரைப் பிடித்துக்கொண்டான். ஒட்டூவின் கோல் நடுங்கியது. கோபினா ஒரு தசையையும் அசைக்கவில்லை. ஆனால் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. நீதிமன்றத்தில் நாற்பது வருஷம் இருந்தவர். பார்க்காத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லச் சட்டம் இடம் கொடுக்காது என்பது அவருக்கே உறுத்தியது.

"சனிக்கிழமை ஆட்டம் நடக்கட்டும்," என்றார். "நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டு, பலகையில் என்ன எழுதுவது என்று அங்கேயே சொல்கிறேன். ஒரு நிபந்தனை. முகத்தில் சாயம் கூடாது. நானா முன்னால் என் தாய் பெற்ற பிள்ளை தன் சொந்த முகத்தோடு வரவேண்டும்."

"சொந்த மொகமா?" என்றார் க்வமேனா. இப்போதுதான் கண்ணைத் திறந்தார். "அதை எங்க வெச்சேன்னு தேடணும். சரிண்ணே."

*

சனிக்கிழமை சாயங்காலம் மருத்துவமனை முற்றத்தில் கூரையில்லாத மேடை. குழந்தைகள் தூங்க வேண்டுமென்று ஆட்டத்தை வெளிச்சத்திலேயே வைத்திருந்தார்கள். நானா பெரிய குடையின் கீழ் இருந்தார். ஒட்டூ அவர் பக்கத்தில். எதிர்வீட்டுத் தலைவரின் மருமகன், அந்த வீட்டின் இப்போதைய தலைவர், நான்கு நாற்காலி தள்ளி. வார்டு ஜன்னல்களில் வயிறு தள்ளிய பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். வாசலில் வெள்ளை பூசிய வெறும் பலகை. அதன் கீழே பெயின்டர் தூரிகையை டப்பாவில் நட்டுவிட்டு, கெங்கி என்ற சோள உருண்டையும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருந்தான். கோபினா நீதிமன்றக் கறுப்புக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துலக்கிப் போட்டு வந்திருந்தார். கிதார்க்காரர்கள் கம்பிகளை முறுக்கிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

க்வமேனா மேடைக்கு வந்தார். முகத்தில் சாயமில்லை. ஜனம் ஏமாற்றத்தில் 'ஊ' என்றது. அவர் வெள்ளைத் துணியை ஒழுங்காகத் தோளில் போட்டிருந்தார். கையில் அந்தப் பழைய மூன்றுகால் இரும்புச் சட்டி. நாற்காலியில் உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்து, சாய்மானத்தில் முதுகு படாமல் நிமிர்ந்து, மோவாயைத் தூக்கி, நேரே முன்னால் பார்த்தார். அப்படியே இருந்தார்.

கூட்டத்தில் அங்கங்கே களுக்கென்று சிரிப்பு எழுந்தது. அராபா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று கோபினாவுக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி ஒரு மனிதனைப் போல உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் அவருக்குப் பட்டது. எவ்வளவு நன்றாக உட்காருகிறான். யாரையோ போல இருக்கிறான். யாரைப் போல என்றுதான் பிடிபடவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் அலறினாள்.

"பிடிங்க அவனை! பிடிங்கய்யா அந்தத் திருடனை! அது என் சட்டி!"

தலையில் பெரிய கட்டு, மஞ்சள் ரவிக்கை, இடுப்பில் இரண்டு சுற்றுத் துணி. பெஞ்சுகளுக்கு நடுவே ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சந்தையில என் கண்ணு முன்னால தூக்கிட்டு ஓடினான்! பெரிய வீட்டுத் துணி உடுத்திக்கிட்டா திருடன் இல்லேன்னு ஆயிடுமா? எசில்ஃபி வீடாம்! கொடி பிடிச்ச வீடாம்! அந்தக் கொடியும் யாரு வீட்டுக் கொடியில காயப்போட்டிருந்த துணியோ!"

ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. பாட்டு இல்லை, கொட்டு இல்லை. கான்சர்ட்டுகள் இப்படித்தான் தொடங்கும், கூட்டத்துக்குள்ளிருந்தே ஒரு சண்டை கிளம்பும் என்பது அந்த முற்றத்தில் இருந்த கைக்குழந்தைக்கும் தெரியும். வாழ்நாளில் ஒரு கான்சர்ட்டும் பார்க்காத ஒரே ஆள் முன்வரிசையில் இருந்தார். நானா பார்க்கிறார். எதிர்வீட்டுக்காரன் பார்க்கிறான். தம்பியோ மேடையில் வாயை மூடிக்கொண்டு, விறைத்து, அப்படியே உட்கார்ந்திருக்கிறான்.

கோபினா எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். மேடைப்படி ஏறினார்.

கிதார்க்காரர்கள் கையை நிறுத்தினார்கள். எபோ, "மாமா, மாமா," என்று பாதி எழுந்தான். அராபா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"அம்மா," என்றார் கோபினா. நீதிமன்றத்துக் கடைசிப் பெஞ்சு வரை போன அதே குரல். "சத்தம் வேண்டாம். உங்க பேரு?"

அந்தப் பெண் ஒரு கணம் திகைத்துப் போனாள். பிறகு, "ரோசலின்," என்றாள்.

"எந்த வீடு?"

"எந்த வீடா? நான்... தச்சர் தெரு."

"இந்தச் சட்டி உங்களுடையதுன்னு சொல்றீங்க. இதுக்கு எத்தனை காலு?"

"மூணு. எல்லாச் சட்டிக்கும் மூணுதானே!"

"மூணுல ஒண்ணு எப்படி?"

கோபினா தம்பியின் மடியிலிருந்து சட்டியை எடுத்து மேடைப் பலகைமேல் வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, டொக் என்று தட்டி, மறுபக்கம் சாய்ந்து ஆடியது. கூட்டம் சிரித்தது. அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே கடற்கரை முழுக்க ஜனம் எத்தனையோ வருஷம் கட்டணம் கட்டி வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

"ஒரு காலு குட்டை," என்றார். "எங்க அம்மா கேப் கோஸ்ட்டில வாங்கின சட்டி இது. கிணத்துக் கல்லு மேல போட்டுக் காலை உடைச்சது நான். அடி வாங்கினது இவன். ஏன்டா வாங்கினேன்னு கேட்டேன். 'நீ அழுதா அசிங்கமா இருக்கும், நான் அழுதா அம்மாவுக்குச் சிரிப்பு வந்துடும்'னான். அஞ்சு வயசு அப்போ இவனுக்கு."

இப்போது சிரிப்பு வேறு மாதிரி வந்தது. க்வமேனா விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். ஆனால் மோவாய் மட்டும் லேசாக ஆடியது.

"திருடன்னு சொன்னீங்க," கோபினா அந்தப் பெண்ணைப் பார்த்தல்ல, நானாவைப் பார்த்துப் பேசினார். "இவன் மேடையில பசின்னு அழுவான், ஜனம் தாங்க மாட்டாம எழுந்து வந்து கெங்கி போடும், மீன் போடும், நெத்தியில காசு ஒட்டும்னு கேள்விப்பட்டிருக்கேன். நான் பார்த்ததில்ல. ஆனா நான் தினமும் காலையில கோர்ட்டுக்கு இந்த ஆஸ்பத்திரி வழியாத்தான் போவேன். ஜன்னல் வழியாப் பார்த்திருக்கேன். ஆளு இல்லாத நோயாளி, சோறு கொண்டுவர ஒருத்தரும் இல்லாத நோயாளி, அவங்க கட்டில் ஒவ்வொண்ணுக்கும் இந்தச் சட்டி போகும். இவன் காதுக்குப் பின்னால வெள்ளைச் சாயம் அப்பவும் காயாம இருக்கும். ஊட்டி விடுவான். ஒரு துண்டு மீனு இவன் வாய்க்குப் போய் நான் பார்த்ததில்ல. காசு என்னாச்சுன்னு கேட்கிறீங்களா? இந்த வார்டுச் சுவரைத் தட்டிப் பாருங்க. இது திருடனோட சட்டின்னா, அம்மா, இந்த ஊருல திருட்டுச் சாப்பாடு சாப்பிடாதவங்க கையைத் தூக்கட்டும். என் தாய் பேருல, எங்க வீட்டுக் கொடி பேருல சொல்றேன்: இந்தச் சட்டியை விடச் சுத்தமா எங்க வீட்டுல ஒரு பொருளும் இல்ல!"

உள்ளே ஏதோ ஒரு குழந்தை மட்டும் வீறிட்டது. யாரும் கையைத் தூக்கவில்லை.

மஞ்சள் ரவிக்கைக்காரி மூக்கை உறிஞ்சினாள். "ஐயோ," என்றாள், குரல் கரகரத்து, "நான் கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன் ஐயா." கண்ணைத் துடைக்கத் துணி தேடியவள், கைக்கு வந்த தலைக்கட்டை இழுத்தாள். தலைக்கட்டு அவிழ்ந்தது. உள்ளே, சாயங்கால வெயிலில் பளபளவென்று, சவப்பெட்டித் தச்சர் ஃபீஃபி பைடூவின் வழுக்கை.

பிறகு எழுந்த சிரிப்பைப் பற்றி, அடுத்த ஊரில் படகு கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது என்பார்கள். ஜன்னலில் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். திருமதி க்வான்சா, "சிரிக்காதீங்கடி, இங்கேயே பெத்துடாதீங்கடி!" என்று கத்திக்கொண்டே தானும் சிரித்தாள். குடை பிடித்தவன் குலுங்கியதில் நானாவின் முகத்தில் வெயில் விழுந்தது. நானா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கோபினா வழுக்கையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். தம்பி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தார்: நிமிர்ந்த முதுகு, தூக்கிய மோவாய். யாரைப் போல என்பது அப்போதுதான் பிடிபட்டது. காதுமடல்கள் சுட்டன. நான்கு நாற்காலி தள்ளி எதிர்வீட்டுக்காரன் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சாவு வீட்டில் மண்ணில் ஊற்றிய கள்ளின் புளித்த வாசனை, இத்தனை வருஷம் கழித்து, மூக்கில் ஏறியது. படி மூன்றடி தூரம்தான். இறங்கினால் வீடு.

"அண்ணே," க்வமேனா உதட்டை அசைக்காமல் சொன்னார், "இறங்கிடாதே. இன்னும் ஒரே ஒரு வார்த்தை பேசு. என்ன வேணாப் பேசு."

என்ன பேசுவது? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். நாற்பது வருஷம், வழக்கு முடிந்த ஒவ்வொரு மாலையும் சொன்னது. கோபினா எசில்ஃபி குதிகால்களைச் சேர்த்து வைத்தார். மார்பை நிமிர்த்தினார்.

"வழக்கு தள்ளுபடி!" என்றார். "மன்றம் கலைகிறது! எல்லோரும் எழுந்து நில்லுங்கள்!"

ஊர் எழுந்து நின்றது. யோசித்து எழுந்ததல்ல; அந்தக் குரலுக்குக் கால்கள் தாமாகவே நிமிர்ந்தன. மீன்காரிகள், ஆசிரியர்கள், போதகர், எதிர்வீட்டுக்காரன், பலகைக்குக் கீழே மீனும் கையுமாகப் பெயின்டர். யாருக்காகவும் எழுந்திருக்கக் கூடாத நானாவே குடையின் கீழே ஆசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஒட்டூ திகிலோடு கோலால் அவர் வழியை மறித்தார். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மறுபடி உட்கார்ந்து, கண்ணீர் வழிய, இரண்டு கைகளாலும் முழங்காலில் அறைந்துகொண்டார்.

கிதார்கள் தொடங்கின. முதலில் மேடையேறி வந்தவள் அராபா. ஒரு காசை நாக்கில் நனைத்து அண்ணனின் நெற்றியில் அழுத்தினாள். "நீ இவ்வளவு நாள் எங்கேண்ணே இருந்தே?" என்றாள். பிறகு வரிசை வந்தது. தம்பி எப்போதும் குனிந்து நெளிந்து ஆடுகிறவர். அவர் நெற்றியில் ஒட்டிய காசுகள் உதிர்ந்து சட்டியைச் சுற்றி உருண்டன. அண்ணன் அசையவில்லை. வியர்வையில் ஒட்டிய காசுகள் புருவத்திலிருந்து முடி வரை வெயிலில் மின்னின. அந்த முதுகு அப்படி நேராக இருந்ததால் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

எதிர்வீட்டுக்காரன் கடைசியில் வந்தான். கையில் காசும், கூடவே ஒரு குவளைக் கள்ளும். "பெரியவரே," என்றான், "எங்க வீட்டுல இப்படி ஒருத்தன்கூடப் பொறக்கல." கோபினா குவளையை வாங்கினார். முன்னோருக்கு ஒரு சொட்டு மண்ணில் விட்டார். மீதியைக் குடித்தார்.

பெயின்டர் படியருகே வந்து நின்றான். "பெரியவரே, பலகையில என்ன எழுதட்டும்?"

"சட்டியைப் போடு," என்றார் கோபினா, நெற்றி அசையாமல். "பெருசா. மூணு காலு. ஒண்ணு குட்டையா இருக்கணும், ஒழுங்காப் பண்றேன்னு நேரா வரைஞ்சுடாதே. மேல அவன் மொகம்."

"எந்த மொகம்?"

கோபினா தம்பியைப் பார்த்தார். க்வமேனா இப்போது ஃபீஃபியின் தலைக்கட்டைத் தன் தலையில் சுற்றிக்கொண்டு, நானாவின் குடையை இரவல் வாங்கி, ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டிருந்தார்.

"வாயைச் சுத்தி வெள்ளை அடிச்ச மொகம்," என்றார் கோபினா. "கீழே, 'எசில்ஃபி வீட்டுப் பிள்ளை'ன்னு எழுது. அதையும் சின்னதா எழுதாதே."

அண்ணனும் தம்பியும் முன்பே பேசி வைத்துக்கொண்டு அன்றைக்கு நடித்தார்கள் என்றும், கோபினா எசில்ஃபி தள்ளாத வயதில் கான்சர்ட் ஆடக் கிளம்பிவிட்டார் என்றும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். கொடி பிடித்த வீட்டின் தலைவர் நடிப்பதில்லை. மங்கேசிம் ஊரில் ஒரு மருத்துவமனைக்குக் கூரையில்லை என்று ஓர் ஆள் வந்து சொன்னார். அதனால் அடுத்த சனிக்கிழமை, துலக்கிய கறுப்புக் கோட்டோடு, எபோவின் லாரியில் முன்னிருக்கையில் முதுகு படாமல் உட்கார்ந்து, ஆடுகிற சட்டியை மடியில் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அவர் போனது, சாட்சி சொல்வதற்கு மட்டும்தான்.